ஆட்சேபணையற்ற நிலம்

வருவாய்த்துறைக் கணக்குகளில் 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என்றொரு சொற்றொடர் உண்டு. ஏரி, குளம், வாய்க்கால், சாலை, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் முதலியன ஆட்சேபணையுள்ள புறம்போக்குகள். ஊர் முழுவதற்கும் பொதுவான பயன் அவற்றுக்கு உண்டாகையால், அவற்றை அப்படியே வீட்டுமனையாக்க இயலாது. இவை நீங்கலாக எஞ்சும் தரிசும் நத்தமும் ஆட்சேபணையற்றவை. வீடற்ற ஏழைகளுக்கு அவற்றை மனையாகப் பிரித்து அளிக்கலாம். இங்கே ஆட்சேபணை என்பது நிலத்தின் பயனைக் கருதி எழுந்த சொல். குடியேறப் போகும் மனிதரைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை.

ஆனால் ஊர்களில் அச்சொல் வேறுவிதமாக வழங்குவதைக் கண்டிருக்கிறேன். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் நில அளவராக முப்பது ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த நாளிலும் அப்பணியைச் செய்தேன். 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமான பின்பும் செய்தேன். 'இவ்விடம் நரிக்குறவருக்காம்' என்ற செய்தி பரவிய மறுகணமே, அதுவரை எவரும் திரும்பிப் பாராத தரிசு நிலம் ஆட்சேபணையுள்ள நிலமாகிவிடுவதைப் பலமுறை கண்டேன். குடும்பங்கள் படிக்கும் இந்த இதழில் அதைப்பற்றி எழுத விரும்புவதற்குக் காரணம் உண்டு. மனையிடத்தைத் தேர்ந்தெடுப்பது அரசின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அத்தேர்வில் நம் குடும்பங்களுக்கும் பெரும்பங்கு இருக்கிறது.

நரிக்குறவரைக் காணாத வாசகர் இருக்கமாட்டார். இரயில் நிலைய நடைமேடையிலும், திருவிழாக் கடைவீதியிலும் பாசிமணியும் ஊசியும் விற்பவர்கள் அவர்கள். தமக்குள் பேசிக்கொள்வது வாக்ரிபோலி என்னும் மொழி. அது குசராத்தி முதலிய மேற்கிந்திய மொழிகளோடு உறவுடையது. வேட்டையே முன்னாளில் அவர்களுடைய தொழில். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், குலத்தொழில் பெரும்பாலும் குற்றமாகிவிட்டது. காட்டுக்குக் காடு அலைய வேண்டிய தேவை அன்றே குறைந்துபோயிற்று. ஆகவே, 'அலைந்து திரிகிறவர்களுக்கு வீடு எதற்கு?' என்று கேட்பவர்கள், அரை நூற்றாண்டுக்கு முந்திய வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கூடாரத்தில் பிறந்த தாய், தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படுவது முகவரி. அவள் தேடுவது அந்த முகவரியைத்தான்.

நம் பகுதியில் இருளரும் இதே நிலையில் வாழ்கிறார்கள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசையிட்டு, அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் உழைத்தவர்கள். அவர்களுள் பலர் கொத்தடிமைகளாயிருந்து மீட்கப்பட்டவர்கள். மீட்கப்பட்ட குடும்பம் எங்கே போய் இறங்குவது என்ற கேள்விக்கு விடை கிடையாவிட்டால், வேறொரு சூளைக்கே அது போய்ச் சேரும்.

மனையிடம் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்கள் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள். மனு வட்டாட்சியருக்கு வருகிறது. அவர் வருவாய் ஆய்வாளரையும் கிராம நிர்வாக அலுவலரையும் நிலம் பார்க்கச் சொல்கிறார். கிராம நிர்வாக அலுவலர் 'அ' பதிவேட்டைப் புரட்டி, அரசுப் புறம்போக்குகளை வரிசையாக எழுதுகிறார். நீர்நிலை என்றால் அடிபடும், சாலை என்றால் அடிபடும், சுடுகாடு அடிபடும். மேய்க்கால் என்றால் வகைமாற்றம் வேண்டும். அதற்கு ஊராட்சியின் தீர்மானத்தைக் கேட்பார்கள். எஞ்சிய புலங்களை நில அளவர் அளந்து வரைபடம் தருகிறார். பிறகு ஊரில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார்கள். ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பத்துக்கு அளிக்கப்படும் மனை பொதுவாக மூன்று சென்ட்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இவ்வேலைக்காக நான் சென்றேன். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. இரயில் நிலையத்துக்கு வெளியே தார்ப்பாய்க் கூடாரங்களில் இருந்த நாற்பது நரிக்குறவர் குடும்பங்களுக்கு மனை தேடினார்கள். மூன்று இடங்கள் கிடைத்தன. முதலாவது, ஊர் நத்தத்தை ஒட்டிய இரண்டு ஏக்கர் தரிசு. பெருஞ்சாலைக்கு அரைக் கிலோமீட்டர், பள்ளிக்கும் அவ்வளவே. இரண்டாவது, மேய்க்கால் நிலத்தின் ஒரு மூலை. மூன்றாவது, ஏரியின் கலங்கலுக்கு அப்பால், சுடுகாட்டைத் தாண்டிக் கிடந்த கரம்பு. கணக்குப்படி மூன்றாவதும் குறையற்ற நிலமே.

நான் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தபோது, அக்கூட்டத்திலிருந்து ஒரு முதிய பெண் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "சாமி, இங்கேருந்து ரயிலடி எம்மாந்தூரம்? தண்ணி எங்கே மொள்றது? புள்ளைங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?"

என் அளவுப் புத்தகத்தில் நீளத்துக்குக் கட்டம் உண்டு, அகலத்துக்கு உண்டு, கல் நட்ட இடத்துக்கு உண்டு. அம்மூதாட்டி கேட்ட மூன்று கேள்விகளுக்கும் கட்டம் இல்லை. ஆயினும் அவற்றின் விடைகளை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். மூன்றாவது இடத்துக்கு எழுதியது: நிலையம் ஏழு கிலோமீட்டர், பள்ளி நான்கு, குடிநீர் இல்லை, கலங்கல் பாயும் மாதங்களில் வழியும் இல்லை.

அறிவிப்பு ஒட்டப்பட்டது. முதலிடத்துக்கு எதிராக மனுக்கள் குவிந்தன. பெண்பிள்ளைகள் நடக்கும் வழி என்றார்கள். களவு போகும் என்றார்கள். தொழிற்பேட்டை விரிவடைந்தால் மனைவிலை ஏறும் நேரத்தில் இது வந்து கெடுத்துவிடும் என்றவர்களும் உண்டு. அவர்கள் மற்றவரைக் காட்டிலும் உண்மை பேசினார்கள். "அவர்களுக்கு நாங்கள் விரோதிகள் அல்ல ஐயா, வேறு இடம் பாருங்கள்" என்பதே எல்லார் பேச்சின் முடிவாகவும் இருந்தது. இரண்டாம் இடத்துக்கு ஊராட்சி தீர்மானம் தரவில்லை. மூன்றாம் இடத்துக்கு எதிராக ஒரு மனுவும் வரவில்லை. ஆட்சேபணையற்ற நிலம் கிடைத்துவிட்டது.

நாற்பது பட்டாக்களும் முறைப்படி வழங்கப்பட்டன. இரண்டு மழைக்காலம் கழித்து எல்லைக் கல் சரிபார்க்க அங்கே போனேன். பதினோரு குடும்பங்கள் மட்டும் இருந்தன. மற்றவர்கள் மீண்டும் நிலையத்தின் வெளியே இருந்தார்கள். மணி விற்றால்தான் அன்றைய உலை கொதிக்கும். மணி வாங்குவோர் நிலையத்தில் இருந்தார்கள். 'நாடோடிப் பழக்கம் இவர்களை விட்டுப் போகவில்லை' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஏழு கிலோமீட்டரை நான் அளந்திருந்தேன். பழக்கத்தின்மீது பழி போடுவது எளிது. தொலைவு அங்கே அப்படியே கிடந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்களின் மொழி இந்தியாவிலிருந்து சென்றது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறிஞர் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் அவர்களும், அயர்லாந்து வழிவந்த பயண மக்களும் வண்டி வீடுகளில் வாழ்ந்துவந்தனர். அவர்கள் தங்குவதற்கு இடங்கள் அமைப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை என்று 1968ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் விதித்தது. இடங்கள் அமைந்தன; ஆனால் எங்கே? பெருஞ்சாலையின் ஓரத்தில், இரயில் பாதையின் அருகில், குப்பைக்கிடங்குக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் பக்கத்தில் அவற்றுள் பல அமைந்தன. நல்ல இடம் எதைச் சொன்னாலும் அண்டையில் இருந்தோர் எதிர்த்தனர். எவரும் விரும்பாத இடத்துக்கு எதிர்ப்பு இல்லை. 1994இல் அக்கடமையே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2012இல் வந்த கொள்கை, தேவை எவ்வளவு என்று கணக்கிட்டு, ஐந்தாண்டுகளுக்கு வேண்டிய இடங்களை முன்கூட்டியே குறித்துவைக்குமாறு மன்றங்களைப் பணித்தது. பள்ளியும் மருத்துவமும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. என் அளவுப் புத்தகத்தில் இல்லாத கட்டங்களை அங்கே தாளில் அச்சிட்டுவிட்டார்கள். தாளில் இருப்பதைத் தரையில் காண்பதற்கு அங்கும் அண்டை வீட்டாரின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஏரியைக் காப்பது தவறென்று நான் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவையானது. ஏரிகளால் வாழும் மாவட்டம் இது. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலேயே, நிலமற்ற தொழிலாளருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு அறிவிப்பின்படி குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தை விதிவிலக்காகக் கருதலாம் என்ற வாசகமும் உண்டு. பொதுநிலத்தை விழுங்கும் வலியவனையும், அதன் ஓரத்தில் ஒண்டியிருக்கும் எளியவனையும் நீதிமன்றம் ஒன்றாகப் பார்க்கவில்லை.

அப்படியானால் நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாற்பது குடும்பங்களுக்கு மூன்று சென்ட் வீதம் நூற்றிருபது சென்ட். அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. பாதைக்கும் பொதுக் கிணற்றுக்கும் சேர்த்தாலும் இரண்டு ஏக்கர் போதும். கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய்க்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலம் தொழிற்பூங்காவுக்காக வகைமாற்றம் பெற்றுச் சிப்காட் வசம் சென்றது. அந்த மேய்ச்சலை நம்பியிருந்த கிராமத்தார் எதிர்த்துப் போராடினார்கள். ஆயினும் டயர் ஆலை எழுந்தது. அது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் இப்போது புகவில்லை. அரசு மனம்வைத்தால் நிலத்தின் வகை மாறும் என்பதற்கு அதைக் காட்டினேன். ஆலைக்கு ஆயிரம் ஏக்கர் மாறக்கூடிய வட்டத்தில், குடும்பங்களுக்கு இரண்டு ஏக்கர் மாறாது என்று சொல்வது பொருந்தாது. புறம்போக்கு உண்மையிலேயே இல்லையெனில், தனியார் நிலத்தை விலைகொடுத்து வாங்கி மனை வழங்கும் வழியும் அரசுக்கு உண்டு.

மக்கள் நடுவில் அமைந்த குடியிருப்பு என்ன பயன் தரும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஆவடியில் நகரத்தின் உள்ளேயே ஒரு நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்குச் சென்ற மாணவியர் சிலர் தங்கள் தெருவின் குறைகளைத் துணிந்து எடுத்துரைத்தனர். அவர்களை 2022 மார்ச்சில் முதலமைச்சர் அழைத்துப் பேசினார். ஏப்ரலில் அக்குடியிருப்புக்கே சென்றார். அதற்கு முன் 2021 நவம்பரில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டாக்கள் அளிக்கப்பட்டிருந்தன. 2022 டிசம்பரில், நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1965ஆம் ஆண்டிலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது இது. ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின. சுடுகாட்டுக்கு அப்பால் குடியேற்றப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டவில்லை. பள்ளி எட்டிய பிள்ளைகளின் குரலோ கோட்டை வரை எட்டிற்று.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒன்று நேர்ந்திருக்கிறது. நான் ஓய்வுபெற்று வாழும் ஊரில், இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மனையளிக்க ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கிறது. என் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர். பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில், பள்ளிக்கும் அருகில். இருளரும் நரிக்குறவருமாகிய அக்குடும்பங்களை எங்கள் தெருவில் எல்லாரும் அறிவார்கள். சென்ற மாதம் அண்டை வீட்டு அன்பர்கள் நால்வர் ஒரு மனுவோடு வந்தார்கள். கையெழுத்திடக் கேட்டார்கள். நான் இடவில்லை.

அவர்களுள் மூத்தவர், நல்ல மனிதர், வருத்தத்தோடு சொன்னார்: "அண்ணே, உங்க மகளுக்கு வாங்கின மனையும் அதுக்குப் பக்கத்திலேதானே இருக்கு? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். என் மகளின் மனைக்குக் கிழக்கு எல்லையே அந்தத் தரிசுதான். விலை ஏறாமற்போகலாம், சிறிது இறங்கவும் செய்யலாம். அது பொய்யான அச்சமென்று சொல்லி அவரை நான் ஏமாற்றவில்லை. அன்றிரவு மகளோடு பேசினேன். "அப்பா, அவங்க வந்தா என் மனைக்கு என்ன ஆகும்னு கேட்கிறாங்க. அவங்க வராட்டா அவங்களுக்கு என்ன ஆகும்னு யாராவது கேட்டாங்களா?" என்றாள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டார் கையெழுத்திடவில்லை. மற்றவர்கள் இட்டுவிட்டார்கள். அவர்களோடு நாளையும் ஒரே தெருவில் வாழவேண்டும். ஒரே கோயிலில் முழந்தாளிட வேண்டும். இது எளிதான காரியம் அன்று.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 செப்டம்பர் 26ஆம் நாள், உரோமைக்கு அருகில் பொமேசியா என்னுமிடத்தில் ரோமா மக்கள் கூடியிருந்த முகாமுக்குத் தாமே சென்றார். அவர்களைத் தம்மிடம் வரச் சொல்லியிருக்கலாம். அவர்கள் கூடாரமிட்ட இடத்துக்கு அவர் போனதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை வரை நடந்தால் போதும்.

அறிவிப்பு ஒட்டப்படும்போது ஆட்சேபணையை மட்டும்தான் எழுதவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. 'இவ்விடத்தில் இவர்கள் குடியேறுவதில் எங்களுக்குச் சம்மதம்' என்றும் எழுதிக் கையெழுத்திட்டு வட்டாட்சியருக்கு அனுப்பலாம். முப்பது ஆண்டுப் பணியில் அப்படி ஒரு கடிதம் கோப்பில் இருந்து நான் பார்த்ததில்லை. எதிர்த்து எழுதிய நூறு தாள்களுக்கு நடுவே அப்படிப்பட்ட பத்துத் தாள்கள் இருந்தாலும், முடிவெடுக்கும் அதிகாரிக்கு அது பெரிய பலமாகும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராமசபை கூடுகிறது. அங்கே போய், அம்மூதாட்டி கேட்ட மூன்று கேள்விகளை நாமும் கேட்கலாம்: பிழைப்பு எவ்வளவு தூரம்? தண்ணீர் எங்கே? பிள்ளைகளுக்குப் பள்ளி எது? நான்காவதாக, குடியேறப் போகிறவர்களை அழைத்து நிலத்தைக் காட்டினீர்களா என்றும் கேட்கலாம். பழங்குடியினருக்கு வீடும் அளிப்பதற்காக 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் இருளருக்கும் இடம் தரப்பட்டது. ஆனால் வீட்டுக்குப் பணம் வந்தாலும், மனை இல்லாதவன் அதை எங்கே கட்டுவான்?

எங்கள் ஊர்க் கிராமசபை இன்னும் கூடவில்லை. கையெழுத்திடாத மூன்று வீட்டாரும் சேர்ந்து ஒரு சம்மதக் கடிதம் எழுதியிருக்கிறோம். தொலைவுகளை நானே மீண்டும் ஒருமுறை அளந்து அதில் குறித்திருக்கிறேன்: பேருந்து இருநூறு மீட்டர், பள்ளி நானூறு, குடிநீர்க் குழாய் எண்பது. நான்காவது கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். மனுவோடு வந்த அந்த மூத்த அன்பர் வீட்டுக்கு வரும் ஞாயிறு பூசைக்குப் பின் போகலாமென்று இருக்கிறேன்.